“நான் ஏன் கொடுக்கணும், தம்பி?”

நன்கொடைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய அனுபவம் நம் மன்றத்தில் பலருக்கும் இருக்கும். கேட்டைத் தட்டுவதற்கு முன்பே நாய் குரைக்கும். உள்ளேயிருந்து “யாரு?” என்று குரல் வரும். கையில் புத்தகத்தைப் பார்த்ததும் சிலர் பணப்பையை எடுக்கப் போவார்கள், சிலர் “வீட்டுல பெரியவங்க இல்லையே” என்பார்கள். சொல்பவருக்கே ஐம்பது வயது இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் எங்கள் கிளையின் இளைய உறுப்பினன் ஒருவனும் பதினோராவது வீட்டுக்குப் போனோம். பேராக்கில் எங்களுடையது சின்னப் பட்டணம், அதனால் எல்லாரும் எல்லாருக்கும் முகம் தெரிந்தவர்கள்தான். அந்த அங்கிள் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்களை உட்கார வைத்தார், சிராப் கலக்கிக் கொடுத்தார், புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். தமிழ்ப்பள்ளித் திடலுக்கு வடிகால், வேலி, இரண்டு விளக்குக் கம்பம், மொத்தம் 26,000 வெள்ளி. புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார்.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. என் பிள்ளைங்க மூணு பேரும் தேசியப் பள்ளியில படிச்சாங்க. இப்ப ஒருத்தரும் இந்த ஊர்ல இல்ல. முப்பது வருஷம் வருமான வரி கட்டினேன். இன்னமும் வருஷத்துக்கு ரெண்டு தடவ சுக்காய் பிந்து கட்டிட்டு வர்றேன். பள்ளிக்கூடத்த நடத்துறது அரசாங்கத்து வேலை. திடல பாத்துக்கிறது நகராண்மைக் கழகத்து வேலை. ரெண்டுக்கும் காசு கொடுத்தாச்சு. மூணாவது தடவ நான் ஏன் கொடுக்கணும், தம்பி?”

எனக்குப் பதில் வரவில்லை. “பரவாயில்ல அங்கிள்” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். தெருவுக்கு வந்ததும் கூட வந்தவன் “சரியான கஞ்சன் அண்ணே” என்றான். நானும் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் அந்தச் சிரிப்பு உறுத்தியது. ஒருவர் மரியாதையாக உட்கார வைத்து நியாயமான ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். பதில் தெரியாதவன் நான். கஞ்சன் என்ற பேர் அவருக்கு.

ஒரு மாதமாக அந்தக் கேள்வியோடுதான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நம் பத்திரிகையில் எழுதினால் எனக்காவது தெளியும் என்று எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. அங்கிள் கட்டும் சுக்காய் பிந்து, அதாவது மதிப்பீட்டு வரி, 1976-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி உள்ளூர் மன்றத்துக்குப் போகிறது. தெருவிளக்கு, சாக்கடை, பொதுப் பூங்கா, பொதுத் திடல் எல்லாம் அந்தப் பணத்தில். பள்ளிக்கூடத்துக்கு அதில் ஒரு சென் கூடப் போவதில்லை, ஏனென்றால் கல்வி கூட்டரசின் கையில் இருக்கிறது. ஆசிரியர் சம்பளம் புத்ராஜெயாவிலிருந்து வருகிறது, அது அவருடைய வருமான வரி. ஆனால் நம் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். சம்பளம் அரசாங்கம் கொடுக்கும். கட்டடம், நிலம், வேலி என்று வரும்போது பாரத்தில் பெரும்பங்கு பள்ளி மேலாளர் வாரியத்தின் தலையிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் தலையிலும் விழுகிறது. அவ்வப்போது மானியம் வரும், சில வருஷம் வராது.

இதற்குக் காரணம் நிலம். தோட்டத்தில் போதுமான பிள்ளைகள் இருந்தால் முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்று கட்டளையிட 1923-இல் வந்த தொழிலாளர் சட்டம் வழி செய்தது. முதலாளி வைத்தார், சட்டம் கேட்ட அளவுக்கு மட்டும். லயத்துக் கோடியில் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார். கிராணி வேலை பார்த்தவரே வாத்தியாராக இருந்த தோட்டங்களும் உண்டு. நிலம் தோட்டத்தின் பேரிலேயே இருந்தது. சுதந்திரம் அடைந்த 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ஜனங்கள் பட்டணத்துக்கு வந்தார்கள், பள்ளிகள் மூடியும் இணைந்தும் இன்று 530-க்கும் குறைவு. மிச்சமிருக்கும் பலவற்றுக்கு இன்னும் காலடி மண் சொந்தமில்லை.

எங்கள் பள்ளியும் அப்படித்தான். மழை பெய்தால் திடல் மூன்று நாளைக்குச் சேறு. ஒவ்வொரு வருஷமும் விளையாட்டுப் போட்டியை இன்னொரு பள்ளியின் திடலை இரவல் வாங்கி நடத்துகிறார்கள். வடிகாலுக்காக நாங்கள் மூன்று அலுவலகங்களில் ஏறினோம். முதலாவதில், நிலம் அரசாங்கத்துடையது இல்லை, அதில் பணம் போடுவது சிரமம் என்றார்கள். இரண்டாவதில், அது பள்ளித் திடல், பொதுத் திடல் இல்லையே என்றார்கள். மூன்றாவதில், விளையாடக் கொடுத்துவிட்டோம், பராமரிப்பு உங்கள் பாடு என்றார்கள். மூன்று பேர் சொன்னதும் உண்மை. ஒருவர் கூடப் பொய் சொல்லவில்லை. திடல் மட்டும் சேறாகவே கிடக்கிறது.

ஆகவே அங்கிளின் கணக்கில் ஒரு சின்னப் பிழை இருக்கிறது. அவர் கொடுத்த பணம் இரண்டு வாய்க்காலில் ஓடியது, இரண்டும் எங்கள் திடலைத் தொடாமல் போனது. ஆனால் இதைப் போய் அவரிடம் சொன்னால் என்ன சொல்வார்? “அப்ப வாய்க்கால சரி பண்ணுங்க தம்பி, என்கிட்ட ஏன் வர்றீங்க?” என்பார். சரியான பதில்தான். ஊரில் பிள்ளை இல்லாதவரும் பள்ளிக்கு வரி கட்டத்தான் வேண்டும் என்பதை அவர் ஒருநாளும் மறுக்கவில்லை. முப்பது வருஷம் கட்டியிருக்கிறார். அந்தக் கடமைக்கே தர்மம் என்று பெயர் மாற்றி, ரசீதுப் புத்தகத்தோடு இன்னொரு முறை வாசலுக்கு வருவதைத்தான் மறுக்கிறார்.

கிளைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஆளுக்கொரு பதில் கொடுத்தார்கள்.

“நம்ம இனம், நம்ம மொழின்னு சொல்லணும் அண்ணே, உடனே குடுப்பாரு.” கொடுப்பார், எனக்கும் தெரியும். ஆனால் அது வெட்கப்பட வைத்துப் பணம் வாங்குவது. தேசியப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பியவரின் மனதில் ஏற்கெனவே ஒரு முள் இருக்கலாம். அதை அழுத்தித் திறக்கும் பணப்பை எனக்கு வேண்டாம்.

இன்னொருவர், “வீடு விலை ஏறும், பசங்க மோட்டார்ல சுத்தாம திடலுக்குப் போவாங்க, அவருக்கும் லாபம்னு எடுத்துச் சொல்லுங்க” என்றார். பாதி உண்மை. ஆனால் லாபத்துக்காகக் கொடு என்று கேட்டால், லாபமில்லை என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டும் நாளில் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

மூத்தவர் ஒருவர், “புண்ணியம்ப்பா. பிள்ளைங்களுக்குச் செய்யிற தர்மம். இதுக்கு மேல என்ன?” என்றார். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் ஆட்ட முடியவில்லை. காரணத்தை அன்று சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

நான் நான்காம் ஆண்டு படித்தபோது எங்களில் இருபது பேரைச் சபையில் வரிசையாக நிறுத்திப் புத்தகப் பை கொடுத்தார்கள். கொடுத்தவர் நல்லவர், இன்று வரை அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒவ்வொருவரும் பையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு படம் எடுக்க நின்றோம். பையின் முகப்பில் அவர் பெயர் பெரிதாக அச்சாகியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. ராத்திரி ஒரு பழைய சட்டைத் துணியை வெட்டி அந்தப் பெயரின் மேல் வைத்துத் தைத்தாள். ஆறாம் ஆண்டு முடியும் வரை அந்த ஒட்டோடுதான் பள்ளிக்குப் போனேன். பை எனக்குத் தேவையாக இருந்தது. அம்மாவுக்கு அந்த ஒட்டும் தேவையாக இருந்தது.

பள்ளித் திடலைத் தர்மம் என்று சொன்னால், அதில் ஓடும் ஒவ்வொரு பிள்ளையும் தர்மம் வாங்கிய பிள்ளை ஆகிறது. தன் பள்ளியின் தரையில் கால் வைப்பதற்கு ஒரு பிள்ளை யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?

அப்போதுதான் திருக்குறளை எடுத்துப் பார்த்தேன். எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியம் எடுத்தவன்தான், இருந்தாலும் கவனிக்காமல் விட்ட ஒன்று. இருபத்திரண்டாவது அதிகாரம் ஒப்புரவறிதல். அடுத்தது, இருபத்து மூன்றாவது, ஈகை. பரீட்சைக்குப் படிக்கும்போது எனக்கு இரண்டுமே ‘கொடுத்தல்’தான். ஒன்றே என்றால் வள்ளுவர் எதற்கு இரண்டு அதிகாரம் வைத்தார்? ஈகை என்பது இல்லாதவனுக்குக் கொடுப்பது. கொடுப்பவன் ஒரு பக்கம், வாங்குபவன் ஒரு பக்கம், நடுவில் ஒரு நீட்டிய கை. ஒப்புரவில் அந்த நீட்டிய கையே இல்லை. ஊர் நடுவில் இருக்கும் நீர்நிலையையும் பழுத்த மரத்தையும் அங்கே உவமையாகக் காட்டுகிறார். ஊருணியில் தண்ணீர் மொள்பவளை யாரும் பிச்சைக்காரி என்று நினைப்பதில்லை. பணக்கார வீட்டுக் குடமும் ஏழை வீட்டுக் குடமும் அதே தண்ணீரில்தான் இறங்கும். எந்தக் குடத்திலும் யார் பெயரும் அச்சாகியிருக்காது.

இதுதான் எனக்கு வேண்டிய பதில் என்று துள்ளினேன். பள்ளியும் திடலும் ஈகையில் சேராது, ஒப்புரவு. அங்கிளிடம் போய் இதையே சொல்லிவிடலாம்.

துள்ளல் இரண்டு நாள்தான் நின்றது. குறளில் இருக்கும் ஊருணி எல்லாருக்குமானது. நம் முப்பாட்டனார் விட்டு வந்த ஊர்களில் இருந்த குளங்கள்? அவற்றில் இறங்கிக் குடம் நிரப்ப எல்லாரையும் விட்டார்களா? குளத்தைத் தூர்வாரும் வேலைக்கு ஒரு தெருவைக் கூப்பிடுவார்கள், நீர் மொள்ளும் நேரத்தில் அதே தெருவை எட்ட நிற்கச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊர்களிலிருந்து கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். குளம் பொதுவா இல்லையா என்பது கரையில் யாரை நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. வெட்டியவன் யார், காசு கொடுத்தவன் யார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த இடத்தில் என் கையில் இருந்த நன்கொடைப் புத்தகத்தைத் திரும்பப் பார்த்தேன். வடிகால், விளக்கு, வேலி. 26,000-இல் பாதிக்கு மேல் வேலிக்கு. ஆறடி உயரம், இரும்புக் கேட், பூட்டு. கேட்டில் மாட்ட ஒரு பலகை வேறு, வெளியார் நுழையக் கூடாது என்று. அதற்கும் 180 வெள்ளி எழுதியிருந்தோம், என் கையெழுத்திலேயே.

அங்கிளின் வீட்டிலிருந்து பார்த்தால் திடல் தெரியும். சாயங்காலம் நடக்க அவருக்கு வேறு இடம் இல்லை, தார் ரோட்டில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறார். தாமானில் இருக்கும் மலாய்ப் பையன்கள், சீனப் பையன்கள், நம் பையன்கள் எல்லாரும் கடை வரிசைக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் பந்து உதைக்கிறார்கள். அவர்கள் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டிக் காசு வாங்கி, அவர்கள் உள்ளே வராமலிருக்க வேலி போடப் போகிறோம். இதை ஊருணி என்று அவரிடம் சொல்ல எனக்கு எப்படி வாய் வரும்?

கோயிலுக்கு வசூல் போகும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் தோன்றியது. அந்த வாசலிலேயே போன தைப்பூசத்துக்கு நாங்கள் வாய் திறக்கும் முன் ஐம்பது வெள்ளி வந்தது. பக்தி ஒரு காரணம், சந்தேகமில்லை. இன்னொன்றும் இருக்கிறது. கோயில் வாசல் சாயங்காலம் ஆறு மணிக்கு அவருக்காகத் திறக்கிறது. வெயிலுக்கு மண்டபத்தில் உட்காரலாம், யாரும் எழுந்திரு என்று சொல்வதில்லை. ‘பள்ளிக்குக் கேட்டா அஞ்சு வெள்ளி, கோயிலுக்குன்னா அம்பது வெள்ளி’ என்று நம் கூட்டங்களில் அடிக்கடி குறைபட்டுக்கொள்கிறோம். பள்ளி அவருக்கு எப்போதாவது கதவு திறந்ததா என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை.

அடுத்த கூட்டத்தில் பள்ளி மேலாளர் வாரியத்தினரும் தலைமையாசிரியரும் இருந்தார்கள். பள்ளி முடிந்த பிறகு சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை திடலை ஊருக்குத் திறந்து விடலாமா என்று கேட்டேன். தலைமையாசிரியர் என்னைக் கூர்ந்து பார்த்தார். “யாராவது விழுந்து கைய ஒடைச்சிக்கிட்டா யார் பதில் சொல்றது? கண்ணாடி ஒடைஞ்சா? ராத்திரியில வந்து குடிச்சிட்டுப் போத்தல வீசிட்டுப் போனா, காலையில ஒண்ணாம் ஆண்டுப் பிள்ளைங்க வெறுங்கால்ல ஓடும், தெரியுமா?” அவர் சொன்ன ஒவ்வொன்றும் நடந்திருக்கிறது. பொதுவாக விட்ட இடம் யாருடைய இடமும் இல்லாமல் போவதை நாமும்தான் பார்த்திருக்கிறோம். அரசாங்கம் போட்டுக் கொடுத்த விளையாட்டு மைதானங்களில் ஊஞ்சல் சங்கிலி அறுந்து தொங்குவது எத்தனை தாமான்களில்! ஒப்புரவு என்று சொல்லிப் பூட்டை மட்டும் கழற்றிவிட்டால் போதாது, பூட்டும் வேலையை யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் இப்படி முடிவானது. வேலி தாழ்வாக, மூன்று பக்கம் மட்டும். வகுப்பறைக் கட்டடத்துக்கும் திடலுக்கும் நடுவில் ஒரு கதவு, அது பள்ளியின் சாவி. ரோட்டுப் பக்கம் ஒரு கதவு, அது எங்கள் கிளையின் சாவி. மூன்று மாதம் முயற்சி செய்து பார்ப்பது. தினமும் ஒருவர் ஐந்துக்குத் திறந்து, ஏழுக்குத் திடலை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் பூட்ட வேண்டும். பலகை கிடையாது. கொடுத்தவர் பெயர்களைக் கல்லில் செதுக்கலாம் என்ற யோசனையும் வந்தது. வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும், கல் வேண்டாம் என்றேன். இதில் எனக்கு இரண்டு பேரின் மனஸ்தாபம் கிடைத்தது.

ஒரு ஆட்சேபணை இன்னும் பாக்கி. ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் எங்கள் தோழி ஒருத்தி எழுந்து, “நாம போட்டுக் கொடுக்கக் கொடுக்க அவங்க கை கழுவிட்டுப் போவாங்க. அடுத்த வருஷம் கூரைக்கும் நம்மகிட்டதான் வருவாங்க” என்றாள். இதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. அவள் சொல்வது நடக்கக்கூடியதுதான், நடந்தும் இருக்கிறது. ஆனால் இந்த வருஷம் ஐந்தாம் ஆண்டில் இருக்கும் பிள்ளைக்கு ஐந்தாம் ஆண்டு மறுபடி வராது. மூன்று அலுவலகங்களும் பேசி முடிப்பதற்குள் அவன் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விடுவான். என்னால் முடிந்தது ஒன்றுதான்: செலவாகும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது வைத்து, முழுக் கணக்கையும் மூன்று அலுவலகங்களுக்கும் அனுப்புவது, இது நீங்கள் செய்திருக்க வேண்டியது, நாங்கள் முன்பணம் போட்டிருக்கிறோம் என்று. அந்தக் கடிதத்தை அவளையே எழுதச் சொன்னோம். நான் எழுதியிருந்தால் ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று தொடங்கியிருப்பேன். அவள் அப்படித் தொடங்கவில்லை.

சிலர் இந்த இடத்தில் துன் சம்பந்தனின் பத்து வெள்ளியைச் சொல்வார்கள். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்களே, நாம் ஒரு திடலுக்கு அழலாமா என்று. எங்கள் தாத்தாவும் அதில் கட்டியவர்தான், அதனால் மரியாதையோடு சொல்கிறேன்: அது வேறு. அவர்கள் பங்கு வாங்கினார்கள், தங்கள் பெயரில் ஒரு அட்டை கிடைத்தது. அங்கிளுக்கு நான் கொடுக்கப் போவது பங்கு இல்லை. சாயங்காலம் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். அதைப் பெரிதாக்கிச் சொல்லக் கூடாது.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன், இந்தத் தடவை தனியாக, புத்தகம் இல்லாமல். அன்று பதில் சொல்லாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். கூட வந்தவன் சொன்னதையும் நான் சிரித்ததையும் சொல்லவில்லை. அதற்குத் தைரியம் வரவில்லை. வேலியைக் குறைத்ததையும் ஐந்து மணி, ஏழு மணி விஷயத்தையும் சொன்னேன். குறளைப் பற்றி ஆரம்பித்தேன், கையமர்த்திவிட்டார். “அதெல்லாம் இருக்கட்டும். சாவி யார்கிட்ட?”

முறை வைத்திருக்கிறோம், ஆளுக்கொரு நாள், புதன்கிழமைக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை, அன்று எல்லாருக்கும் வேலை என்றேன்.

“புதன்கிழமை நான் சும்மாத்தான் இருக்கேன்” என்றார்.

பணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வேலி குறைந்ததால் இப்போது 19,000 வெள்ளி போதும். இன்னும் 7,400 வேண்டியிருக்கிறது. வருகிற ஞாயிறு ஐந்தாவது வரிசையில் தொடங்குகிறோம், வருகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குக் கோயில் மண்டபத்துக்கு வந்துவிடுங்கள்.